தேய்ந்த மூலை

தடால்!

சர்ச்சின் பின்சுவர் உட்பக்கமாகச் சரிந்தது. கொத்தனார் சம்மட்டியை நழுவவிட்டுப் பின்னால் குதித்தார். ஈரம் ஏறிய சில செங்கற்களை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. செங்கல்லுக்குப் பின்னால் இன்னொரு செங்கல் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே இருட்டு இருந்தது.

"ஃபாதர்! ஓடி வாங்க! சுவருக்குள்ள ரூம் இருக்கு!"

ரூம் என்பது கொஞ்சம் அதிகம். பலிபீடத்துக்கு நேர் பின்னால் ஒரு பொந்து. பெரிய ஆள் நிற்க முடியாது. காலை மடக்கிக்கொண்டு உட்காரலாம். உள்ளே பழைய போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதன் உயரத்தையும் சாய்ந்திருந்த விதத்தையும் பார்த்து, குழந்தைதான் என்று முடிவுகட்டிய கொத்தனார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

குழந்தை இல்லை. போர்வையை விலக்கினால் இரண்டு மரத்தண்டுகளில் சுற்றிய தோல் சுருள். அதில் கறுகறுவென்று எழுத்து, வலமிருந்து இடமாக. பக்கத்தில் தரையில் இரண்டு தகரக் கிண்ணங்கள்.

பாதிரியார் எண்பதைத் தாண்டியவர். பூசைப் பொறுப்பை இளையவர்களிடம் விட்டுவிட்டு, சர்ச்சை ஒட்டிய ஒற்றை அறையில் ஓய்வாக இருந்தார். கைத்தடியை ஊன்றி வந்தவர், அந்தப் பொந்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யூதர்களோட வேதச் சுருள் இது, தோரா. அந்த எழுத்தர்கிட்டக் கொண்டுபோய்க் குடு" என்றார் கடைசியில்.

"இந்தத் தகர டப்பாவைக் குப்பையில போட்டுடவா ஃபாதர்?"

"போடாதே!" கிழவர் போட்ட அதட்டலில் கொத்தனார் மிரண்டுபோனார். "அதையும் சேர்த்துக் குடு."

எழுத்தரை ஊரில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோராவைத் தோலில் கையால் எழுதுவதும், பழைய சுருள்களைப் பழுது பார்ப்பதும் அவர் தொழில். மாடியில் முன்னறையில் ஜன்னலோரம் சாய்வு மேசை. எதிரே இரும்பு பீரோ. அடுத்த அறையில் அவர் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். சுருளுக்குப் போர்த்தும் வெல்வெட் உறை தைப்பதும் அவள்தான், பக்கத்து வீட்டுக்காரிக்கு ரவிக்கை பிரித்துத் தருவதும் அவள்தான். வீட்டில் பிள்ளை குட்டி கிடையாது.

சுருளைப் பிரித்த எழுத்தர் லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி இடுக்கிக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு?"

"தாத்தாவோட கையெழுத்துடி இது."

தாத்தாவும் எழுத்தர்தான். அவர் எழுதியதில் மிஞ்சியது கதவு நிலையில் பதித்திருக்கும் சின்னத் தோல்துண்டு ஒன்றுதான். அதை எடுத்துவந்து சுருளோடு வைத்துப் பார்த்தார் எழுத்தர். 'லாமேத்' எழுத்தின் கழுத்தை லேசாகப் பின்னால் வளைத்து எழுதும் அதே பழக்கம். சந்தேகமே இல்லை.

மனைவியின் அண்ணன் அன்றைக்கே வந்துவிட்டார். அவர்தான் யூதச் சபையின் தலைவர். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சட்டம்.

"மாப்ளே, சந்தோஷப்படறதுக்கு முந்தி அந்த வரியைப் பாத்தியா?"

எழுத்தர் பார்த்திருந்தார். அதைத்தான் மச்சான் பார்த்துவிடக் கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கேள் இஸ்ரவேலே, கடவுள் ஒருவரே என்று சொல்லும் வரி அது. யூதர்கள் காலையும் மாலையும் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சொல்வது. சாகும்போது கடைசியாகச் சொல்ல விரும்புவதும் அதுதான். 'ஒருவர்' என்பதற்கு அவர்கள் மொழியில் எஹாத். அதன் கடைசி எழுத்து தாலேத். அதைப் போலவே இன்னொரு எழுத்து உண்டு, ரேஷ். நம் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். தாலேத்துக்குத் தோள்பட்டையில் கூர்மையான ஒரு மூலை இருக்கும்; ரேஷுக்கு அந்த இடம் வழவழவென்று வளைந்துவிடும். மூலை போனால் எஹாத் என்பது அஹேர் ஆகிவிடும். அஹேர் என்றால் 'வேறொருவர்'. கடவுள் ஒருவரே என்ற வரி, கடவுள் வேறொருவர் என்று ஆகிவிடும்! அந்த விபரீதம் நடக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக, மை தடிக்க எழுதுவது வழக்கம்.

தாத்தாவின் சுருளில் அந்த மூலை இல்லை.

"கிழிஞ்ச சுருளைத் தைக்கலாம். ஒண்ணுத்துக்கும் ஆகலைன்னா செத்தவங்களை மாதிரி மரியாதையாப் புதைக்கலாம்" என்றார் சட்டம். "ஆனா நம்ம மதத்தை விட்டுட்டுப் போனவன் எழுதின சுருளா இருந்தா என்ன செய்யணும்?"

"எரிக்கணும்."

"சொல்றேனேன்னு கோவிச்சுக்காதே. உங்க தாத்தாவைப் பத்தி ஊருக்குள்ள என்ன பேச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். யூதர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்த கெட்ட காலத்தில், தாத்தா சர்ச்சின் பின்வாசல் வழியாக உள்ளே போவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார், உயிருக்குப் பயந்து மாறிவிட்டார் என்றார்கள். பிறகு அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. எழுத்தரின் அப்பா அப்போது கைக்குழந்தை. வெளியூரில் யாரோ வளர்த்தார்கள். அவருக்கு முன்னால் பிறந்தவர்கள் இருந்தார்களாம். ஆணா, பெண்ணா, எத்தனை பேர், எதுவும் அவருக்குத் தெரியாது.

"இந்தத் தோல்துண்டுலயும் அதே வரிதான், மூலை எவ்வளவு கூர்மையா இருக்கு பாருங்க மச்சான். இப்படி எழுதினவர் அப்படி எழுதுவாரா?"

"அது மாறறதுக்கு முந்தி எழுதினது. இது மாறினதுக்கப்புறம்."

"அண்ணே, காப்பி வேணுமா, இல்ல அதுக்கும் சட்டம் பாக்கணுமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சட்டம் எழுந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள முடிவு சொல்லணும். சபையில எல்லாரும் கேக்கறாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் மாப்ளே. மாறினவன் பேரன் எழுதின சுருளை நாளைக்கு எவன் கையால தொடுவான்?"

அவர் போனதும் எழுத்தர் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார். மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது. மூலை எழுதாமல் விடப்படவில்லை. எழுதியிருந்திருக்கிறது, பிறகு தேய்ந்திருக்கிறது. தோலின் மயிர்க்கால்களுக்குள் பழைய மையின் துணுக்கு இன்னும் இருந்தது. தேய்ந்ததைத் திருத்தி எழுதலாம். அதற்கு இடமுண்டு.

ஆனால் அந்த ஓர் எழுத்து மட்டும் எப்படித் தேயும்?

மறுநாள் காலை கைகால் கழுவி, புது இறகைச் சீவினார். இறகு ஒழுங்காக எழுதுகிறதா என்று பார்க்க, எழுத்தர்கள் பழம்பகைவன் ஒருவனின் பெயரைத் துண்டுத் தோலில் எழுதி உடனே அடித்துவிடுவார்கள். அப்படி எழுதி அடித்தார்.

"எங்க அண்ணன் பேரைத்தானே எழுதி அடிச்சீங்க?" என்றாள் மனைவி.

"சே, சே. அவ்வளவு நல்ல இறகை வீணாக்குவேனா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையை எழுதினார். மை நன்றாகக் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுருளைச் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்து, பிரித்துப் பார்த்தார்.

மூலை இல்லை.

மை உதிரவில்லை. உதிர்ந்தால் பொடி விழுந்திருக்கும். அழித்தால் தோல் சுரண்டியிருக்கும். இது ஈரமில்லாமல், அழுத்தமில்லாமல், மெதுவாகத் தேய்த்தது. சாம்பல் நிறத்தில் மெல்லிய தீற்றல் ஒன்று இடப்பக்கமாக இழுத்திருந்தது. வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள் விரலை ஓட்டுகிற திசை அது.

ஆனால் படிக்கிற எவரும் தோராவை வெறும் விரலால் தொடுவதில்லை. நுனியில் குட்டிக் கை வைத்த வெள்ளிக்குச்சியால்தான் வரியைக் காட்டுவார்கள். தெரிந்தவர்கள் தொட மாட்டார்கள்.

பாதிரியார் அன்று மாலை வந்திருந்தார். சுருள் வந்த நாளிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி தரும் டீயை உறிஞ்சிக்கொண்டு, சுருளையே பார்த்துக்கொண்டிருப்பார். கிண்ணங்கள் இரண்டையும் அவள் துலக்கி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். அவற்றையும் பார்ப்பார்.

"ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு தண்ணிக்குப் போல" என்றாள் அவள்.

பாதிரியார் கிண்ணங்களிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அடுத்த முறை மூலையை எழுதியபோது மழை பிடித்துக்கொண்டது. பாதிரியார் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. எழுத்தர் பீரோவைப் பூட்டிவிட்டு, இந்தத் தடவை சாப்பிடப் போகாமல் அதன் எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் தையல் மெஷின் நின்றது.

"என்னங்க, துணியா தேய்க்கிறீங்க?"

"இல்லையே."

"பின்ன என்ன சத்தம் அது?"

எழுத்தர் அப்போதுதான் கவனித்தார். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். ஸ்... ஸ்... ஸ்... உலர்ந்த, மெல்லிய சத்தம். தூங்காத குழந்தை போர்வை ஓரத்தை விரலால் நிமிண்டுமே, அது மாதிரி. பீரோவுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

எழுத்தர் சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தடுமாறினார். கதவைத் திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே சுருள் மட்டும்தான். பிரித்தார். மூலை பாதி போயிருந்தது.

"பூதக்கண்ணாடிக்குப் பூதம் கண்ணுல படாம போகுமா" என்று சிரிக்கப் பார்த்தாள் மனைவி. சிரிப்பு வரவில்லை. அவள் அவர் கையிலிருந்த லென்ஸை வாங்கிக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏங்க, உங்க சுண்டுவிரலைக் காட்டுங்க."

காட்டினார். அவள் அவர் விரலையும் தோலையும் மாறி மாறிப் பார்த்தாள். சாம்பல் தீற்றலின் முடிவில் ரேகை ஒன்று பதிந்திருந்தது. பட்டாணி அளவுகூட இல்லை.

"சின்னப் புள்ளை விரல்ங்க இது" என்றாள்.

அன்று சுருளை அவர் பீரோவில் வைக்கவில்லை. பயத்தில் மறந்தாரோ, பயத்தில்தான் வைக்கவில்லையோ, பிரித்தபடியே மேசைமேல் விட்டு, மூலையை மறுபடி எழுதி, விளக்கை அணைக்காமல் விட்டார். காலையில் மூலை அப்படியே இருந்தது. பகலெல்லாம் இருந்தது. வியாழக்கிழமை அப்பாடா என்று சுருளைச் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். வெள்ளி காலையில் திறந்தபோது மூலை சுத்தமாகப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா மச்சான் மாடிப்படி ஏறி வர வேண்டும்?

சட்டம் லென்ஸைக்கூடக் கேட்கவில்லை. சும்மா கண்ணாலேயே தெரிந்தது. "திருத்தி எழுதிட்டேன்னு சொன்னியே மாப்ளே?"

"எழுதினேன் மச்சான். நிக்க மாட்டேங்குது."

"அதான் சொல்றேன். எழுதினவன் மனசுல இல்லாதது தோல்ல எப்படி நிக்கும்? ஜெபக்கூடத்துக்குப் பின்னால விறகு அடுக்கச் சொல்லிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் ஆசையாடா? தோராவை எரிக்கிற கை என் கையா இருக்கணும்னு?"

மனைவி புது வெல்வெட் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எழுத்தர் சுருளைச் சுற்ற ஆரம்பித்தார். கை ஓடவில்லை. தாத்தாவின் முகம் அவருக்குத் தெரியாது. போட்டோ கிடையாது, சமாதி கிடையாது. இருந்தது இந்த எழுத்து. இன்னும் சில மணி நேரத்தில் அதுவும் சாம்பல். ஊர்ப் பேச்சு மட்டும் மிஞ்சும்.

"நிறுத்துங்க" என்றது ஒரு குரல்.

பாதிரியார் படியேறி வந்த மூச்சு வாங்கலோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எதுக்கு விறகு அடுக்கறாங்க? அவர் மாறிட்டார்னா?"

"இது எங்க சபை விஷயம் ஃபாதர்" என்றார் சட்டம். "நீங்க தப்பா நினைக்காதீங்க."

"அவர் மாறல. மாறினது நான்."

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ இருந்த பெரிய ஃபாதர் நல்ல மனுஷர். எங்களை உள்ள வச்சு அவரே செங்கல் அடுக்கினார். மேல ஒரு கல்லை மட்டும் எடுத்து எடுத்து வைப்பார். அப்பா பின்வாசல் வழியா சாப்பாடு கொண்டு வருவார். அதைத்தான் ஊர்ல பாத்திருக்காங்க. ஒருநாள் அவர் வரல. அப்புறம் வரவேயில்ல. பெரிய ஃபாதர் உயிரோட மிஞ்சின என்னை வெளிய எடுத்து, வேற பேர் வச்சு, ஞானஸ்நானம் குடுத்து வளர்த்தார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். பழகிப்போச்சு. அதுவே என் வாழ்க்கையும் ஆயிடுச்சு."

"அதுக்கு என்ன அத்தாட்சி?" சட்டத்தின் குரலில் பழைய உறுதி இல்லை.

பாதிரியார் வலது கையைத் தூக்கி இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். கழுத்தில் வெள்ளைப் பட்டி, மார்பில் சிலுவை. அந்தக் கோலத்தில் இருந்துகொண்டு, கேள் இஸ்ரவேலே என்ற அந்த வரியை, தாலாட்டு மாதிரி ஒரு ராகத்தில் மூல மொழியில் சொன்னார். கடைசிச் சொல்லில் குரலை இழுத்து, தாலேத்தை அழுத்தி முடித்தார். எழுத்தருக்கு அந்த ராகம் தெரியும். அவர் அப்பாவைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தவர்கள், 'உன் அப்பா பாடுவாரே' என்று சொல்லிக் கொடுத்த ராகம் அது. இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் அவர் அதைக் கேட்டதில்லை.

"எங்க வேதத்திலயும் இந்த வரி உண்டு" என்றார் பாதிரியார் கையை இறக்கி. "எந்தக் கட்டளை பெரிசுன்னு கேட்டதுக்கு எங்க ஆண்டவர் இதைத்தான் சொன்னார். பூசையில அதை வாசிக்கிறப்பல்லாம் கை தானாக் கண்ணுக்குப் போயிடும். ஜனங்க பக்தின்னு நினைச்சுக்குவாங்க."

சட்டம் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "விறகைக் கலைக்கச் சொல்லிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எழுத்தர் கிழவரின் முன்னால் மண்டியிட்டார். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"பெரியப்பா."

கிழவர் அவர் தலைமேல் கைவைத்தார்.

"அந்த மூலை எப்படித் தேஞ்சுது பெரியப்பா?"

"உள்ள கும்மிருட்டு. அடைக்கறதுக்கு முந்தியே அப்பா சுருளை அந்த வரியில பிரிச்சு எங்க மடியில வச்சிருந்தார்; வர்றப்பல்லாம் கல் எடுத்த சந்துல கையை விட்டு, பெரிய எழுத்து மேல எங்க விரலை எடுத்து வைப்பார். மை தடிப்பா நிக்கும்ல, தடவினாத் தெரியும். இந்த மூலை விரல்ல தட்டுற வரைக்கும் நான் பக்கத்துலதான் இருக்கேன், அழக் கூடாது, அப்படிம்பார். வெறும் விரலால தொடக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் சொன்னார்."

எழுத்தர் சிரித்துவிட்டார், கண்ணீரோடு. எல்லாம் விளங்கிவிட்டது. "அப்ப இந்த வாரம் பூரா தேய்ச்சுட்டுப் போனதும் நீங்கதானா? சொல்லியிருக்கலாமே. நான் பூதம்னு பயந்து..."

"நானா?" பாதிரியார் புரியாமல் பார்த்தார். "நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையே தம்பி."

"என்னங்க" என்றாள் மனைவி மெதுவாக. "மழை அன்னிக்கு இவர் வரவேயில்ல."

சிரிப்பு எழுத்தரின் முகத்திலேயே உறைந்தது.

"எப்போ தேயுது?" என்றார் பாதிரியார்.

"பீரோவுல வச்சுப் பூட்டினா. வெளிய வெளிச்சத்துல இருந்தா ஒண்ணும் ஆகறதில்ல."

பாதிரியார் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் விளிம்புக்குப் போனார். ஒரு கிண்ணத்தை எடுத்துத் தன் அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மற்றதைக் கொண்டுவந்து சுருளின் பக்கத்தில், மேசைமேல், சத்தமில்லாமல் வைத்தார்.

"இனிமே பூட்டாதேப்பா. என் தங்கச்சிக்கு இருட்டுன்னா பயம்."